பெரியம்மாவின் ஹீட் மேட்

இரண்டு கைகள்... ஒரே பெட்டியின் மேல்.

ஒன்று ஸ்ரீநிதியின் கை. மழையில் நனைந்து, குளிரில் விரல் நுனிகள் சிவந்திருந்தன. இன்னொன்று யாருடையது என்று அவள் பார்க்கவில்லை. விட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அலமாரியில் அந்த ஒரு பெட்டிதான் மிச்சம். ஊர்வன வளர்க்கிறவர்கள் கண்ணாடித் தொட்டிக்கு அடியில் ஒட்டுகிற ஹீட் மேட். அட்டைபோல மெல்லியதாக, மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு.

பெட்டியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள். வரவில்லை.

"ஐயோ, கடைசிப் பெட்டிங்க இது..." வாய் தானாகத் தமிழில் முணுமுணுத்தது.

"தமிழோ நீங்கள்?"

நிமிர்ந்தாள்.

முதலில் கண்கள்தான் தெரிந்தன. ஈரம் ஒட்டிய இமைகளுக்குக் கீழே, தூக்கம் போதாத, ஆனாலும் எதைப் பார்த்தும் சிரிக்கத் தயாராக இருந்த கண்கள். அவனுடைய தலைமுடியிலிருந்து ஒரு துளி சறுக்கி, நெற்றியில் தயங்கி, மூக்கின் ஓரமாக இறங்கியது. அதைத் துடைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அவனும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால், கடையின் கண்ணாடிக்கு வெளியே, தெற்கு லண்டனின் ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் ஒரு இரட்டைமாடி பஸ் நின்று புறப்பட்டது. அதன் சிவப்பு மழைக்குள் கரைந்து ஓடியது...

ஒரு கணம் தான் எதற்காக இங்கே வந்தோம் என்பதே ஸ்ரீநிதிக்கு மறந்துபோனது.

அவன்தான் முதலில் பேசினான். லண்டனின் கிழக்குப் பக்கம், ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்திலிருந்து வருவதாகச் சொன்னான். குளிர் திடீரென்று இறங்கியதில் அந்தப் பக்கத்துக் கடைகளில் எல்லாம் மேட் தீர்ந்துவிட்டதாம். கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் தேம்ஸைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கிறான். சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே, "உங்களிட்ட என்ன இருக்கு? பாம்போ, பல்லியோ?" என்று கேட்டான்.

ஸ்ரீநிதிக்கு முகம் சூடேறியது.

அவளிடம் பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. ஒரு குண்டான் நிறைய இட்லி மாவு இருந்தது.

திருச்சியிலிருந்து லண்டனுக்கு வேலைக்கு வந்து இது அவளுக்கு முதல் குளிர்காலம். பகலில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை, மாலையில் கணக்கியல் வகுப்பு, சனிக்கிழமை மாவு அரைப்பது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தாள். ஆனால் மாவு மட்டும் புளிக்கவே இல்லை. பாய்லர் அலமாரிக்குள் வைத்துப் பார்த்தாள். ஓவன் அடுப்புக்குள் விளக்கைப் போட்டு வைத்துப் பார்த்தாள். தன் பழைய ஸ்வெட்டரைக்கூடக் குண்டானுக்கு மாட்டிப் பார்த்தாள். இட்லி கல்லாகத்தான் வந்தது. அம்மா போனில் சிரித்தாள். ஒரு இட்லிகூட ஒழுங்காக வராத கை எந்தப் பரீட்சையில் ஜெயிக்கப் போகிறது என்று ஸ்ரீநிதி தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். யாரோ இணையத்தில் எழுதியிருந்தார்கள், பல்லித் தொட்டிக்குப் போடும் மேட் மாவுக்கும் நல்லது என்று. வகுப்பு முடிந்த கையோடு, மழையைப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

இதையெல்லாம் இந்தக் கண்களிடம் எப்படிச் சொல்வது? ஒரு உயிருக்காக ஊரைத் தாண்டி வந்திருக்கிறவனிடம், எனக்கு மாவு பொங்கவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. பெட்டியின் மேல் ஒரு மஞ்சள் பல்லியின் படம் இருந்தது.

"பல்லி," என்றாள்.

"லெப்பர்ட் கெக்கோவோ?"

"ஆமாங்க. அதேதான்."

"குஞ்சோ?"

"ஆமா... ரொம்பச் சின்னது."

"பேர்?"

பேரா... அவளுக்கு அந்த நேரம் ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. "குண்டான்."

அவன் சிரித்துவிட்டான். குண்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான் போல. பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. பெட்டியிலிருந்து கையை எடுத்தான்.

"அப்ப நீங்களே கொண்டு போங்கோ. குஞ்சுக்குக் குளிர் தாங்காது. பெரியம்மா வளர்ந்த ஆள்தானே, சமாளிப்பா."

பெரியம்மா யார் என்று கேட்டதற்கு, தன்னுடைய பல்லி என்றான். மாடியில் வாடகைக்கு இருந்தவன் வீட்டைக் காலி செய்தபோது தொட்டியோடு விட்டுப் போனதாம். யாரைப் பார்த்தாலும் ஒரு குறையோடு பார்க்குமாம், கனடாவில் இருக்கும் தன் பெரியம்மாவைப் போல. அதனால் அந்தப் பெயர். தன் பெயர் துஷாந்தன் என்றான். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர் வேலை. கடைக்கு மேல்தான் வீடு.

வேண்டாம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஸ்ரீநிதி வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் அவன் பெட்டியை அவள் கூடையில் வைத்துவிட்டு, பேச்சில் இறங்கியிருந்தான். மேட் தொட்டியின் அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்றான். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி... எது வேண்டும் என்று பல்லியே தேர்ந்துகொள்ளும். உள்ளே வைக்கும் சூட்டுக்கல்லை வாங்கவே கூடாது, வயிற்றைப் பொசுக்கிவிடும். மேட்டை மடிக்கக் கூடாது, வெட்டக் கூடாது, மேலே தடிப்பாக மண்ணையோ துணியையோ போட்டு மூடக் கூடாது.

"எல்லாத்திலும் முக்கியம் தெர்மோஸ்டாட். மூடி வைச்சா மேட் எங்க நிக்கிறது எண்டு அதுக்கே தெரியாது, சூடு ஏறிக்கொண்டே போகும். தெர்மோஸ்டாட்தான் அதுக்குப் பிறேக். உங்களிட்ட இருக்கோ?"

"இருக்குங்க," என்றாள். அடுத்த பொய். மாவுக்கு எதற்கு பிரேக்?

சந்தேகம் வந்தால் கேளுங்கள் என்று தன் எண்ணைக் கொடுத்து, அவள் எண்ணையும் வாங்கிக்கொண்டு, கோட்டின் கழுத்தை உயர்த்திக்கொண்டு அவன் மழைக்குள் இறங்கினான். கையில் ஒன்றும் இல்லாமல்...

அவள் அந்தப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் கடை வாசலிலேயே நின்றாள்.

அன்று இரவு மாவு பொங்கியது.

குண்டானை மேட்டின் மேல் வைத்தாள், அவ்வளவுதான். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரைத்து நின்றது. அவளுடன் அந்த வீட்டில் குடியிருக்கும் சுப்ரியா இட்லியை அமுக்கிப் பார்த்து, பஞ்சு மாதிரி இருக்கிறது என்று தட்டை நீட்டிக்கொண்டே இருந்தாள். ஸ்ரீநிதிக்குத்தான் ஒரு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. ஏதோ ஒரு பல்லியின் சூட்டைத் தின்கிற மாதிரி இருந்தது.

அன்று மாலை போன் மினுங்கியது. *குண்டான் எப்பிடி? சூடு பிடிச்சிட்டுதோ?*

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுத்தாள். சொன்னால்...? ஓ அப்படியா என்று ஒரு வரி வரும். அதோடு முடிந்துவிடும். இந்த மினுங்கல் நாளைக்கு வராது. விரல்கள் தயங்கின. *நல்லா இருக்கான்* என்று எழுதிவிட்டு, போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். யாரிடமிருந்து ஒளிக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும்.

பதில் சொல்வதற்காகவே அவள் பல்லிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தாள். ரயிலில், மதிய உணவு வேளையில், வகுப்பில் கணக்குப் புத்தகத்துக்கு அடியில்... லெப்பர்ட் கெக்கோ என்கிற சிறுத்தைப் பல்லி தன் கொழுப்பை வாலில் சேர்த்து வைக்கும் என்று படித்தாள். வால் மெலிந்தால் கவலைப்பட வேண்டும். வயிற்றுக்குச் சூடு இல்லையென்றால் தின்றது செரிக்காது, அதனால் அது தின்பதையே நிறுத்திவிடும். நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. தூங்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும். அதைப் படித்த அன்று ஏனோ ரயில் ஜன்னலில் துஷாந்தனின் ஈர இமைகள் தெரிந்தன... இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டாள்.

சில நாள் அவன் போனிலும் பேசினான். அவன் பேச்சைக் கேட்பதே ஒரு தூறலில் நடப்பது மாதிரி இருந்தது. ஆமாம் என்பதற்கு இலங்கைத் தமிழில் 'ஓம்' என்று அவன் சொல்லும்போதெல்லாம் கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது என்று அவள் கேலி செய்தாள். நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போடுகிறீர்கள், என் மேல் மரியாதையா பயமா தெரியவில்லை என்று அவன் திருப்பிக் கொடுத்தான். பெரியம்மாவுக்கு மேட் கிடைத்ததா என்று அவள் கேட்டபோதெல்லாம், ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறது, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்றான். அந்தப் பதிலில் அவள் மனம் இளைப்பாறியது. இளைப்பாற வேண்டும் என்று விரும்பியதால் இளைப்பாறியது.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

பனி விழப்போகிற மாதிரி வானம் வெளுத்துக் கிடந்தது. சமையலறை இன்னும் குளிர்ந்திருந்தது. இன்றைக்கு மேட்டை அடியில் மட்டும் வைத்தால் போதாது என்று ஸ்ரீநிதி முடிவு செய்தாள். அதைக் குண்டானைச் சுற்றி மடித்துச் செருகினாள். மேலே கம்பளியைப் போர்த்தி, இன்னொரு கம்பளியையும் போர்த்தினாள். வேலையை முடித்த திருப்தியோடு படிக்கப் போய்விட்டாள்.

வாசனை வந்த பிறகுதான் ஓடிவந்தாள். கம்பளியை விலக்கியதும் முகத்தில் அனல் அடித்தது. மாவு அடியில் இட்லியாகவே வெந்து ஒட்டிக்கிடந்தது. மேலே பச்சையாக, புளித்தும் புளிக்காமலும்... பதற்றத்தில் ஒரே ஒருவனைத்தான் கேட்கத் தோன்றியது. மேட் ரொம்பச் சூடாகிவிட்டது, அடிப்பக்கம் வெந்து போச்சு, என்ன பண்றது என்று எழுதி அனுப்பிவிட்டு, மேட்டின் செருகியைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்து, தண்ணீரைத் திருப்பிவிட்டுக் குண்டானைத் தேய்க்க ஆரம்பித்தாள். போன் உள்ளறையில் அடித்து அடித்து ஓய்ந்ததை அவள் கேட்கவில்லை. தான் எழுதியதை அவன் எப்படிப் படிப்பான் என்றும் நினைக்கவில்லை.

வெகுநேரம் கழித்து வாசல் மணி அடித்தது. சுப்ரியாதான் கதவைத் திறந்தாள்.

துஷாந்தன் நின்றான். மருந்துக்கடையின் வெள்ளைக் கோட்டின் மேல் அவசரமாக மாட்டிய ஜாக்கெட். தலையெல்லாம் ஈரம். கையில் மூடியில் துளைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் மடித்து வைத்த ஒரு துணி. தன் வீட்டு விலாசத்தை என்றோ பேச்சுவாக்கில் அவனுக்குச் சொன்னது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"பக்கத்தில மிருக வைத்தியர் இருக்கினம். கதைச்சுப்போட்டன், உடனே கொண்டு வரச் சொன்னவை." மூச்சு வாங்கியது அவனுக்கு. "குண்டான் எங்க?"

ஸ்ரீநிதியின் கைகளிலிருந்து சோப்பு நுரை தரையில் சொட்டியது. பாத்திரத் தொட்டியைக் கண்ணால் காட்டினாள்.

"அதுதான்... குண்டான். நாங்க அந்தப் பாத்திரத்தை அப்படித்தான் சொல்லுவோம்."

அவன் பார்த்தான். எவர்சில்வர் குண்டானை, ஒட்டிக்கிடந்த மாவை, தரையில் கிடந்த கம்பளிகளை, மேட்டை. பார்வை ஒவ்வொன்றாக நகர்ந்து, கடைசியில் அவள் முகத்தில் வந்து நின்றது.

"அப்ப பல்லி?"

"பல்லி இல்லைங்க. எப்பவுமே இல்லை."

அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. குழாயை அடைத்தான். உங்களுக்குக் கை சுடவில்லைதானே என்று கேட்டான். இல்லை என்று அவள் தலையசைத்தாள். பிறகு, அவளைப் பார்க்காமல், ஈரமான ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பெரியம்மா இந்தக் கிழமை முழுக்கச் சாப்பாட்டில வாய் வைக்கேல்லை. ஓர்டர் குடுத்தது பனிக்குள்ள எங்கயோ நிக்குது. நான் சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில சுத்தி மாத்தி மாத்தி வைக்கிறன்... அது ஆறிப்போகுது. வால் நல்லா மெலிஞ்சிட்டுது."

"நல்லா இருக்கான்னு சொன்னீங்களே..."

"நீங்கள் கவலைப்படுவியள் எண்டு சொன்னனான்."

அவ்வளவுதான். பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துக்கொண்டு, சுப்ரியாவுக்கு மறக்காமல் ஒரு நன்றி சொல்லிவிட்டு, படியிறங்கிப் போய்விட்டான்.

அவள் அனுப்பிய மன்னிப்புகள் எதற்கும் பதில் வரவில்லை. மாலை வந்தது. போன் மினுங்கவில்லை.

அவள் அழுது முடித்ததும் சுப்ரியா பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் அந்த மேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றாள். ஸ்ரீநிதி மேட்டை விளக்கு வெளிச்சத்தில் விரித்தாள். மடித்த இடத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. அதன் ஓரமாக வறட்டிப் பழுப்பில் ஒரு திட்டு. மடிப்பு விழுந்த மேட்டை மறுபடி செருகக் கூடாது என்பது இப்போது அவளுக்கு நன்றாகவே தெரியும். உள்ளே கம்பி முறிந்திருந்தால் அந்த ஒரு இடம் மட்டும் கொதிக்கும். தீப்பிடித்தாலும் பிடிக்கும். திருப்பிக் கொடுக்கக்கூட ஒன்றும் இல்லாமல் ஆக்கிவைத்திருந்தாள்.

ஒரு சின்ன உயிர்... அவளுடைய இட்லிக்காக நகரத்தின் மறுகோடியில் குளிர்ந்துகொண்டிருக்கிறது. அவன் மன்னிப்பானா மாட்டானா என்பதுகூட இப்போது இரண்டாவதாகத்தான் பட்டது. முதலில் அந்த வயிற்றுக்குக் கீழே சூடு போய்ச்சேர வேண்டும்.

ஞாயிறு காலையில் கடைகள் திறந்ததும் போனோடு உட்கார்ந்தாள். ரயில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு தடத்தை எடுத்து அதன் கடைசி நிலையம் வரை உள்ள கடைகளை அழைத்தாள். பிறகு அடுத்த தடம். இல்லை, இல்லை, அடுத்த வாரம் வரும், இல்லை. மெட்ரோபாலிட்டன் தடத்தில் ஹரோவை எட்டியபோது ஒரு பெண் குரல், ஒன்று இருக்கிறது, தொட்டியின் அளவு என்ன என்று திருப்பிக் கேட்டது. ஸ்ரீநிதி கண்ணை மூடி, துஷாந்தன் என்றோ அனுப்பிய படத்தை நினைவுக்குக் கொண்டுவந்து அளவைச் சொன்னாள். சரியாக இருக்கும் என்றது குரல்.

ஹரோவில் பனி விழுந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஃபாரஸ்ட் கேட் வரை, மடியில் மேட், தெர்மோஸ்டாட், தொடாமலே சூட்டை அளக்கும் வெப்பமானி எல்லாவற்றையும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். வெள்ளையாகிப்போன கூரைகள் ஜன்னலில் கனவுபோல நழுவின... அவன் கதவைச் சாத்திவிட்டால்? சாத்தட்டும். பையை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அவன் பேச்சில் பெயர் சொல்லியிருந்த அந்த மருந்துக்கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குள் அவனுடைய வெள்ளைக் கோட்டின் முதுகு தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. பக்கவாட்டுக் கதவின் மணியை அடித்தாள்.

திறந்தவர் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர். துஷாந்தனின் அப்பா, யோகராஜா. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர்தானோ அந்தத் தோசைமாப் பிள்ளை?"

ஸ்ரீநிதிக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. "இட்லி மாவுங்க, அங்கிள்," என்றாள், ஏதோ அதைத் திருத்தினால் குற்றம் குறைந்துவிடும் என்பது போல.

"எல்லாம் ஒண்டுதான். உள்ள வாரும், குளிருது." படியேறிக்கொண்டே அவர் புலம்பினார். ஊரில் பல்லி சுவரில் சும்மா கிடக்கும், இங்கே அதற்குக் கண்ணாடி வீடு, தண்ணீர்க் கிண்ணம், கரண்ட் பில். "மேல பெரியம்மாவும் சாப்பிடேல்லை, நேற்றில இருந்து கீழ இவனும் சாப்பிடேல்லை. நான் ஒருத்தன்தான் இந்த வீட்டில வெக்கமில்லாமல் சாப்பிடுறன்."

பெரியம்மாவை ஸ்ரீநிதி அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தாள். மஞ்சள் உடம்பில் மை தெளித்த மாதிரிப் புள்ளிகள். ஆறிப்போன ஒரு போத்தலோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தது. வால் ஒரு காய்ந்த காம்பு மாதிரி... மூச்சு ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தாள். விலாப்பக்கம் மெல்ல ஏறி இறங்கியது.

பிறகு பையைப் பிரித்தாள். வேலை செய்தாள். யோகராஜா தொட்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்க, அடிக்கண்ணாடியை உலரத் துடைத்து, வெளிப்பக்கமாக ஒரு ஓரத்தில் மட்டும் மேட்டைச் சுருக்கமில்லாமல் ஒட்டினாள். காற்று போக வேண்டும் என்று நான்கு மூலையிலும் சின்ன ரப்பர்க் கால்கள் வைத்தாள். கம்பி நசுங்காமல் வெளியே எடுத்தாள். தொட்டிக்குள், மேட்டுக்கு நேர் மேலே தரையோட்டில், தெர்மோஸ்டாட்டின் உணர்முனையைப் பல்லி இழுத்துவிடாதபடி பொருத்தினாள். முப்பத்தொரு டிகிரி என்று திருகினாள். திருகியதை நம்பாமல் வெப்பமானியைப் பிடித்து மறுபடி மறுபடி அளந்தாள்.

யோகராஜாவுக்கு அந்த வெப்பமானி பிடித்துப்போய்விட்டது. தன் தேநீரை அளந்தார். நெற்றியை அளந்தார். கடைசியில் பல்லியின் பக்கம் திருப்பி, "ஏறுது பிள்ளை," என்றார், குரலைத் தாழ்த்தி. அப்போது அவர் முகத்தில் புலம்பல் இல்லை. பூச்சிகளை எடுத்து வரட்டுமா என்று கேட்டார். இன்றைக்கு வேண்டாம், முதலில் உடம்பு சூடாகட்டும், இல்லையென்றால் செரிக்காது என்று அவள் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, சோறு வைக்கப் போவதாகச் சமையலறைப் பக்கம் போனார்.

வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. ஸ்ரீநிதி தரையில் உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகரவில்லை... இன்னும் நகரவில்லை...

"மேட் எங்க பிடிச்சியள்?"

துஷாந்தன் கதவருகே நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

"ஹரோவுல."

"ஹரோவோ... இந்தப் பனிக்குள்ளயோ?"

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அந்தக் கண்கள் இருக்கும்.

"நான் முழுசா சொல்லிடறேங்க. நடுவுல பேசாதீங்க, பேசினா எனக்கு தைரியம் போயிடும். கடையில சொன்னது வெட்கத்துல சொன்ன பொய். அது ஒரு நிமிஷத்துப் பொய். அதுக்கப்புறம் தினமும் சொன்னேனே... அது வெட்கத்துல இல்ல. பல்லி இல்லைன்னு தெரிஞ்சா நீங்க சாயங்காலம் மெசேஜ் பண்ண மாட்டீங்களேன்னு சொன்னேன். உங்க பெரியம்மாவோட சூட்டை எடுத்து வெச்சுக்கிட்டு, நான் குளிர்காஞ்சுட்டு இருந்தேன். மன்னிக்கச் சொல்லலை. தெரிஞ்சுக்கோங்க, அவ்வளவுதான்."

சொல்லி முடித்ததும் காலடி கேட்டது. அவன் வந்து அவள் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார்ந்தான். அவனிடமிருந்து மருந்துக்கடையின் வாசனை வந்தது.

"நான் பதில் போடாதது உங்களில கோவத்தில எண்டு நினைச்சியளோ?"

ஆமாம் என்று அவள் தலையசைத்தாள்.

"அண்டைக்கு நான் அந்தப் பெட்டியை உங்கட பல்லிக்காக விடேல்லை." ஒவ்வொரு சொல்லாக, தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னான். "வீட்டில ஒரு சீவன் குளிரில கிடக்குது எண்டு தெரியும். அதுக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தனான். தெரிஞ்சும் விட்டனான். ஏனெண்டா நீங்கள் நிமிந்து பாத்தியள். வேற ஒண்டும் இல்லை. இது குளிர்ந்தது உங்கட பொய்யால எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. என்ர கண்தான் காரணம். அதை எப்பிடி எழுதுறது எண்டு தெரியாமல்தான் போனைத் தூக்கித் தூக்கி வைச்சனான்."

ஸ்ரீநிதி இப்போது திரும்பினாள். அவன் இமைகள் ஈரமாக இருந்தன. இன்றைக்கு அவன் மழையில் நனையவில்லை...

கண்ணாடிக்குள் ஏதோ அசைந்தது.

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியம்மா ஒரு முன்காலைத் தூக்கி, யோசித்து, வைத்தது. பிறகு அடுத்த கால். ஆறிப்போன போத்தலை விட்டு மெதுவாக, மிக மெதுவாக விலகி, சூடான ஓட்டின் மேல் ஏறி, வயிற்றை அப்படியே பரப்பிப் படுத்தது. வாலின் நுனி ஒரு முறை சுருண்டு விரிந்தது. ஸ்ரீநிதி தன்னை அறியாமல் அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். விடவில்லை. அவனும் இழுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு வருவியளோ?" மெல்லக் கேட்டான்.

"வரணும். சூடு ஒரே சீரா நிக்குதான்னு பாக்கணும்ல."

"அதை நான் பாப்பன். அப்பாவும் பாப்பார், உந்த வெப்பமானியை இனி அவர் கீழ வைக்கமாட்டார். வேற காரணம் சொல்லுங்கோ."

வழக்கம்போல அவள் மனம் ஒரு பொய்யைத் தேடி ஓடியது. இட்லி கொண்டுவருகிறேன் என்று சொல்லலாம். வகுப்பு இந்தப் பக்கம் மாறிவிட்டது என்று சொல்லலாம். எல்லாப் பொய்யும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எதையும் எடுக்கவில்லை.

"உங்களப் பிடிச்சிருக்கு," என்றாள். "உங்களப் பாக்கத்தான் வருவேன். நாளைக்கு மட்டும் இல்ல."

அந்தக் கண்கள்... எதைப் பார்த்தும் சிரிக்கத் தயாராக இருந்த அந்தக் கண்கள் சிரிக்க மறந்து, அவளை ஒரு நீண்ட மழையைப் பார்ப்பது போலப் பார்த்தன. அவன் முகம் அருகில் வந்தது. சமையலறையில் யோகராஜா எதையோ தாளிக்கும் சத்தம் கேட்டது. கடுகு வெடித்தது.

சட்டென்று துஷாந்தன் தயங்கினான். அவள் தோளுக்கு மேலாகத் தொட்டியைப் பார்த்து, குரலை இறக்கி, "பெரியம்மா கண் முழிச்சிட்டா... எங்களையே பாக்கிறா," என்றான்.

ஸ்ரீநிதி திரும்பிப் பார்க்கவில்லை.

"பாக்கட்டும்," என்றாள்.